வரிசைக்கு வராதவர்கள்

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, நான் முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தவள். 2009 ஆம் ஆண்டு எனக்குப் பதினொரு வயது. அம்மா, அப்பா, தம்பியுடன் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் ஏறத்தாழ ஒரு வருடம் இருந்தேன். மருத்துவப் படிப்பையும் உள்ளகப் பயிற்சியையும் முடித்து, இப்போது ஓர் ஆதார வைத்தியசாலையில் பணியாற்றுகிறேன். சர்வதேச மருத்துவ உதவி நிறுவனமொன்று தென் சூடானின் பெந்தியு நகரிலுள்ள இடம்பெயர்ந்தோர் முகாமில் ஒன்பது மாதப் பணிக்கு என்னைத் தெரிவுசெய்துள்ளது. மூன்று மாதங்களில் புறப்பட வேண்டும். அதற்குள், கையிலுள்ள சேமிப்பைச் செலவழித்து, போர்க்காயச் சிகிச்சைக்கான பயிற்சியொன்றில் சேரலாமா? முகாமில் இருந்தவள் என்பது எனக்கு உதவுமா, அல்லது அங்கே போய் நான் உடைந்துவிடுவேனா? "ஒரு சண்டையிலிருந்து தப்பி வந்தது இன்னொரு சண்டைக்குப் போகவா?" என்று அப்பா கேட்கிறார். பயணப் பையில் எவற்றை எடுத்துச் செல்ல வேண்டும் என்பதையும் கூறினால் உதவியாக இருக்கும்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

பயிற்சி பற்றிய கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பணத்தை வங்கியிலேயே விட்டுவிடுங்கள். வெடிகாயங்களுக்குச் சத்திரசிகிச்சைக் குழு தனியாக இருக்கும். உங்களிடம் வரப்போவது அதுவல்ல. போரால் இடம்பெயர்ந்தோரைக் கொல்வது பெரும்பாலும் வயிற்றோட்டமும், நிமோனியாவும், மலேரியாவும், சின்னமுத்தும், போசாக்கின்மையும், கவனிப்பாரற்ற பிரசவமுமே. கிழக்குக் கொங்கோவில் 1998 இற்குப் பிந்திய போர்க்காலம் குறித்து நடத்தப்பட்ட இறப்பு ஆய்வுகள் தந்த மொத்த மரண எண்ணிக்கை பற்றி அறிஞர்களிடையே இன்றும் சர்ச்சை உண்டு. ஆயினும், மேலதிகமாக இறந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் சன்னம் பட்டு இறக்கவில்லை, சாதாரணமாகக் குணப்படுத்தக்கூடிய காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் இறந்தார்கள் என்ற முடிவை மறுப்பவர் அரிது. துப்பாக்கி செய்வது முதற் கொலை மட்டுமே. கிணறும், கிளினிக்கும், வயலும், வாகனமும் இல்லாமற் போவதால் நிகழும் கொலைகள் அதன் பின்னர் மாதக்கணக்கில் தொடர்கின்றன.

இங்கே உங்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. அது உங்கள் தவறு அன்று. நம் நாட்டில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 இல் பதிவானார். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. சின்னமுத்து ஒழிக்கப்பட்டதாக 2019 இல் சான்று கிடைத்தது. பின்னர் 2023 இல் அது மீண்டும் தலைகாட்டியது என்றாலும், விடுதி நிறைந்து வழியும் சின்னமுத்தை உங்கள் தலைமுறை பார்த்ததில்லை. கொலராவையும், எலும்பும் தோலுமாக வரும் ஒன்றரை வயதுக் குழந்தையையும் நீங்கள் பாடநூற் படங்களில் மட்டுமே கண்டிருப்பீர்கள். நமது பொதுச் சுகாதாரத்தின் வெற்றிகளே உங்களை இந்தப் பணிக்கு அனுபவமற்றவராக ஆக்கியிருக்கின்றன. பெந்தியுவில் உங்களின் கீழ்ப் பணியாற்றுவதாகக் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கும் தென் சூடானியத் தாதியரும் உதவி மருத்துவ உத்தியோகத்தர்களும் இவற்றை ஆயிரக்கணக்கில் பார்த்தவர்கள். வலிப்புடன் வரும் குழந்தையைத் தூரத்திலிருந்து பார்த்தே, இது மூளை மலேரியாவா, மூளைக்காய்ச்சலா என்று அவர்கள் ஓர் ஊகம் சொல்வார்கள். முதல் மாதம் அந்த ஊகங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டம் அங்கே ஓடிப் போகாது.

புறப்படுவதற்கு முன் உள்ள மூன்று மாதங்களில், உங்கள் வைத்தியசாலையின் பிரசவ விடுதியில் மேலதிகக் கடமை கேட்டு வாங்குங்கள். தென் சூடான் உலகிலேயே மிக உயர்ந்த தாய்மரண வீதங்களைக் கொண்ட நாடுகளுள் ஒன்று. நச்சுக்கொடியைக் கையால் அகற்றுதல், வெற்றிட உபகரணத்தால் பிள்ளையை எடுத்தல், பிரசவத்துக்குப் பின்னான குருதிப்பெருக்கைக் கட்டுப்படுத்துதல், வலிப்புக்கு மக்னீசியம் சல்பேற் கொடுத்தல், பிறந்தவுடன் அழாத சிசுவுக்கு மூச்சூட்டுதல் ஆகியவை மேலதிகாரி பக்கத்தில் இல்லாத இரவு இரண்டு மணிக்கும் உங்கள் கை தானாகச் செய்ய வேண்டியவை. நம் நாட்டில் மகப்பேற்று நிபுணரைத் தொலைபேசியில் எழுப்பலாம் என்ற நிம்மதியில் நாம் பல விடயங்களைக் கற்காமலே கடந்துவிடுகிறோம்.

கடும் போசாக்கின்மை பற்றி ஓர் எச்சரிக்கை. வற்றிப்போன கண்களுடன் வரும் குழந்தைக்கு உடனே நாளத்தின் வழியாகத் திரவம் ஏற்றத் துடிப்பது நமது இயல்பு. அந்தக் குழந்தையின் இதயம் வேகமாக ஏறும் திரவத்தைத் தாங்காது. குருதியோட்டம் குன்றிய அதிர்ச்சி நிலை இல்லாவிடில் வாய்வழியாக, மெதுவாகவே கொடுக்க வேண்டும். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்க நாம் வீட்டில் வைத்திருக்கும் ஜீவனியைக் கூட அப்படியே கொடுக்கலாகாது. சோடியம் குறைந்த வேறு கலவை உண்டு. கொலரா என்ற சந்தேகம் இருக்கும்போது மட்டும் வழமையான ஜீவனிக் கலவைதான். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 115 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் அது கடும் போசாக்கின்மை. அந்த அளவுநாடாவைப் பிடிக்கத் தாய்மாருக்கே கற்றுக்கொடுப்பதுண்டு, அவர்கள் நம்மைவிடப் பொறுமையாக அளப்பார்கள்.

இனி நீங்கள் போகும் இடம். தென் சூடான் 2011 ஜூலையில் சுதந்திரம் பெற்றது. இரண்டரை வருடம் கூடக் கழியவில்லை. 2013 டிசம்பரில் தலைநகர் ஜூபாவில், ஜனாதிபதி சல்வா கீருக்கும் முன்னாள் துணை ஜனாதிபதி ரீக் மச்சாருக்கும் ஆதரவான படைகளுக்கிடையே மோதல் வெடித்தது. உயிர் தப்பியோடிய மக்கள் அருகிலிருந்த ஐ.நா. அமைதிப்படைத் தளங்களின் வாயிற் கதவுகளைத் தட்டினார்கள், கதவுகள் திறக்கப்பட்டன. சில நாட்களுக்கு என்று உள்ளே விடப்பட்டவர்கள் வருடக்கணக்கில் அங்கேயே தங்கினார்கள். அவ்வாறு உருவானதுதான் பெந்தியு முகாம். அது மக்கள் குடியிருக்கத் தெரிவுசெய்த நிலம் அன்று, படைத்தளத்தை ஒட்டிக் கிடந்த சதுப்பு. 2014 மழைக்காலத்தில் முழங்காலளவு கழிவுநீர் குடிசைகளுக்குள் நின்றது. குழந்தைகளைக் கையில் ஏந்தி நின்றபடியே தாய்மார் உறங்கியதாக அங்கிருந்த மருத்துவர்கள் அறிக்கையிட்டார்கள். பின்னர் முகாம் திருத்தி அமைக்கப்பட்டது. 2021 இல் வந்த பெருவெள்ளம் வடியவே இல்லை. இன்று நகரமும், முகாமும், விமான ஓடுபாதையும் மண் அணைகளால் சூழப்பட்டு, வெளியே நிற்கும் நீரின் மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கின்றன. ஒரு இலட்சம் பேர் அளவில் வாழும் அந்த முகாமில் மலசலகூடக் குழிகளை எங்கே கொண்டுபோய் வெறுமையாக்குவது என்பதுதான், உங்கள் மருந்துப் பட்டியலைவிட அதிக உயிர்களைத் தீர்மானிக்கும் கேள்வி.

இதற்கு, செங்கண்மாரியை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் நோயின் ஈ வகை நல்ல உதாரணம். செட்டிகுளம் முகாமில் செங்கண்மாரி பரவியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அது ஏ வகை, பெரும்பாலும் தானாக மாறிவிடும். ஈ வகையும் மலத்தால் மாசுபட்ட நீரினாலேயே பரவுகிறது, ஆனால் கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் உள்ள பெண்களை அது தாக்கினால் நால்வரில் ஒருவர் வரை இறக்கக்கூடும். இதற்கென்று மருந்து இல்லை. தடுப்பூசி உண்டு: சீனாவில் தயாரிக்கப்பட்டு 2011 இல் அங்கே அனுமதி பெற்றது. நோய்ப்பரவலின்போது அதைப் பயன்படுத்துவது பற்றிப் பரிசீலிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல் கூறியது. ஆனால் பரவலைத் தடுப்பதற்காக அது உலகில் முதன்முதலாக மக்களுக்குப் போடப்பட்டது 2022 இல், இதே பெந்தியு முகாமில்தான். தென் சூடான் சுகாதார அமைச்சும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து, 16 முதல் 40 வயது வரையிலானோருக்கு, கர்ப்பிணிகள் உட்பட, மூன்று சுற்றுகளாக அதைக் கொடுத்தன. ஏறத்தாழ 25,000 பேர் பெற்றார்கள். அனுமதிக்கும் முதற் பயன்பாட்டுக்கும் இடையே பத்து வருடங்கள் ஓடியிருந்தன. இந்த நோய் செல்வந்த நாடுகளின் பிரசவ விடுதிகளில் தாய்மாரைக் கொன்றிருந்தால் அவ்வளவு காலம் எடுத்திருக்காது என்பது என் கருத்து. அதேவேளை, தடுப்பூசி வந்ததும் மலசலகூடத்தை மறந்துவிடும் உற்சாகத்தையும் நான் கண்டிருக்கிறேன். 2024 அக்டோபரில் தென் சூடானில் அறிவிக்கப்பட்ட கொலரா பெந்தியுவையும் வந்தடைந்தது. நீர் அதே நீர்தான்.

ஆகவே, போய் இறங்கிய முதல் வாரத்தில் நீர், சுகாதாரப் பொறியியலாளர்களுடன் ஒரு வேளை உணவு உண்ணுங்கள். ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் நீர், இருபது பேருக்கு ஒரு மலசலகூடம், 250 பேருக்கு ஒரு குழாய் என்பவை ஸ்பியர் எனப்படும் மனிதாபிமானத் தராதரங்களில் உள்ள குறைந்தபட்ச அளவுகள். இன்று முகாமில் இவை எவ்வளவு என்று கேளுங்கள். மருத்துவருக்கு இது எதற்கு என்று அவர்கள் முதலில் வியப்பார்கள், பின்னர் அவர்களே உங்களைத் தேடி வருவார்கள்.

இப்போது நான் சொல்ல விரும்பும் முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். அதற்கு என் சொந்தத் தவறொன்றைச் சொல்ல வேண்டும்.

2009 நடுப்பகுதியில் செட்டிகுளத்தில் ஒரு கூடாரக் கிளினிக்கில் சில மாதங்கள் நான் பணியாற்றினேன். காலை எட்டு மணிக்கு வரிசை தொடங்கிவிடும். கொப்புளிப்பான், வயிற்றோட்டம், சிரங்கு, பிரஷர் என்று நண்பகல் வரை நிமிர நேரமிருக்காது. மாலையில் பதிவுப் புத்தகத்தில் எண்ணிக்கையைப் பார்க்கும்போது ஒரு திருப்தி வரும். கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து அதே முகாமில் இருந்துகொண்டு எங்களுக்கு உதவிய குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர், இரண்டாவது வாரத்தில் என்னிடம் மெல்லக் கேட்டார்: "ஐயா, தண்ணி பவுசர் வாற நேரமும் உங்கட கிளினிக் நேரமும் ஒண்டு. ஒத்தையா நிக்கிற தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எதுக்குப் போறது?" அன்று மாலை அவருடன் கூடாரம் கூடாரமாக நடந்தேன். பிள்ளை பெற்று ஆறாம் நாள் காய்ச்சலில் கிடந்த ஒரு பெண், காலில் புண் அழுகிய நிலையில் ஒரு சலரோக நோயாளி, இரண்டு நாட்களாகப் பால் குடிக்காத ஒரு சிசு ஆகிய மூவரும் எனது கூடாரத்திலிருந்து ஐந்நூறு அடிக்குள் இருந்தார்கள். மூவரும் என் வரிசையில் ஒரு நாளும் நின்றதில்லை. நின்றவர்கள் நிற்க முடிந்தவர்கள். கிளினிக் நேரத்தைப் பிற்பகலுக்கு மாற்ற வேண்டுமென்று கேட்டு, அதற்கு அனுமதி பெறச் சில நாட்கள் ஆயின. அந்தச் சில நாட்களை இன்றும் நான் மன்னிக்கவில்லை; அதைவிட, அந்த உத்தியோகத்தர் அம்மா சொல்லும்வரை எனக்கே தோன்றாமற் போனதை.

பெந்தியுவில் உங்கள் வரிசை அதைவிட நீளமாக இருக்கும். வரிசை தரும் மயக்கத்துக்கு மருந்து இரண்டு. ஒன்று, முகாமுக்குள்ளிருந்தே தெரிவுசெய்யப்பட்ட, குடிசைகளுக்குச் செல்லும் சுகாதாரத் தொண்டர்கள். அவர்கள் நுயெர் மொழி பேசுவார்கள், எந்தக் குடிசையில் தாயில்லை, எந்தக் கிழவிக்குக் கண் தெரியாது என்று அறிவார்கள். அவர்களது வாராந்தக் கூட்டத்துக்கு நீங்களே போங்கள், ஒருவரை அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். மற்றது, எண்ணுதல். பத்தாயிரம் பேருக்கு நாளொன்றுக்கு ஒரு மரணம் என்ற எல்லையைத் தாண்டினால் அவசரநிலை என்பது துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு அது பத்தாயிரத்துக்கு இரண்டு. ஒரு இலட்சம் பேர் உள்ள முகாமில் நாளொன்றுக்குப் பத்துப் பேர் இறக்கிறார்கள் என்றால் ஏதோ பாரதூரமாகப் பிழைத்திருக்கிறது. ஆனால் உங்கள் விடுதிப் பதிவேட்டில் அந்தப் பத்தில் மூன்றுதான் இருக்கும், மற்ற ஏழும் மயானத்தில் இருக்கும். ஆகையால்தான் புதுக்குழிகளை எண்ணுவதற்கும், பிரேதச் சீலை கொடுத்து அதன்வழி கணக்கெடுப்பதற்கும் ஆட்களை நியமிக்கிறார்கள். நிவாரண அட்டையில் ஒரு பெயர் குறைந்தால் பங்கும் குறையும் என்பதால் மரணத்தை மறைக்கும் குடும்பங்களும் உண்டு. நம் முகாம்களிலும் இந்தப் பயம் இருந்தது, உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். ஆகவே மரணக் கணக்கை அட்டைப் பதிவோடு இணைக்காத ஆளிடமே ஒப்படைக்க வேண்டும்.

உறவினரை நம்புவது பற்றியும் ஒரு வார்த்தை. 1971 இல் வங்காளதேசப் போரில் எல்லை தாண்டி வந்தவர்கள் நிறைந்த மேற்கு வங்கத்தின் போங்காவ் நகரில் கொலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மஹலநாபிஸிடம் நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோனது. உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பெரிய கொள்கலன்களில் வைத்து, நோயாளியின் பக்கத்தில் இருந்த தாயிடமும் தமையனிடமும் குவளையைக் கொடுத்தார். முப்பது வீதத்தளவில் இருந்த மரணம் நான்கு வீதத்துக்கும் கீழே இறங்கியது. ஜீவனிப் பொட்டலத்தின் வரலாற்றில் மிகப் பெரிய பக்கம் ஓர் அகதி முகாமில் எழுதப்பட்டதுதான். பயிற்சி பெறாதவர்கள் கையில் சிகிச்சையைக் கொடுப்பதா என்று அப்போதும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள்.

செட்டிகுளத்தில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தும், சின்னமுத்தோ கொலராவோ ஆயிரக்கணக்கில் உயிர்களைக் கொண்டுபோகாததற்குக் காரணம் முகாமின் நிருவாகம் என்று எவராவது சொன்னால் ஏற்காதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் போர்க்காலத்திலும் வன்னியில் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்த குடும்பநல உத்தியோகத்தர்களும், பாடசாலைக் கட்டடங்களில் வைத்தியசாலை நடத்திய அரச மருத்துவர்களுமே முதற் காரணம். தென் சூடானில் அந்த அடித்தளம் அமையும் முன்பே போர் வந்துவிட்டது. முகாமுக்கு வரும் பிள்ளைக்குத் தடுப்பூசி இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் முதல் பதினைந்து வயது வரை சின்னமுத்துத் தடுப்பூசி என்பது புதிதாக மக்கள் வந்து சேரும் எந்த இடத்திலும் முதல் வேலை. ஒன்பது மாத வயது நிரம்பும் முன் போட்ட குழந்தைக்கு மறுபடியும் போட வேண்டும்.

நீண்டகால நோய்கள் அங்கே பின்வரிசையில் தள்ளப்படும். சலரோகக்காரர் மருந்தின்றி மெல்ல இறப்பது தொற்றுநோய் அறிக்கைகளில் தெரியாது. இன்சுலின் பற்றி மட்டும் ஒன்று: குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கு அதைக் கொடுத்தனுப்ப முடியாது என்ற பழைய நம்பிக்கையை, கென்யாவின் தாதாப் முகாமின் வெப்பநிலையை அளந்து செய்யப்பட்டு 2021 இல் வெளியான ஓர் ஆய்வு தளர்த்தியிருக்கிறது. 25 முதல் 37 பாகை வரை ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரங்கள் வரை இன்சுலின் தன் வீரியத்தை இழக்கவில்லை. ஈரமான மட்குடம் போதும். தினமும் ஊசிக்காக வைத்தியசாலைக்கு நடந்து வரும் நோயாளியை உங்கள் நிறுவனத்தின் நடைமுறை அனுமதித்தால் வீட்டுக்கு அனுப்பலாம்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களும் வரிசையில் நிற்கமாட்டார்கள். விறகு பொறுக்க அணைக்கு வெளியே போன பெண்கள் என்ன சொல்லிக்கொண்டு கிளினிக்குக்கு வருகிறார்கள் என்பதைப் பெண் தாதி ஒருவரிடம் கேட்டு அறியுங்கள். அநேகமாக வயிற்றுவலி என்பார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கு 72 மணித்தியாலம், அவசரக் கருத்தடைக்கு 120 மணித்தியாலம் என்ற கெடு இருப்பதால் தாமதம் ஆகாது.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அவரது பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. இல்லையென்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்தாதீர்கள். எல்லை தாண்டியவர் அகதி. அவருக்கு 1951 ஆம் ஆண்டு உடன்படிக்கையும் அதைக் கவனிக்க ஓர் ஐ.நா. நிறுவனமும் உண்டு. தன் நாட்டுக்குள்ளேயே துரத்தப்பட்டவருக்குப் பொறுப்பாளி அவரது அரசே, பல வேளைகளில் போரிடும் தரப்புகளில் அதுவும் ஒன்று. எந்த மருந்து எந்த வீதியால் எந்தச் சோதனைச்சாவடியைக் கடக்கும் என்பதை அதுவே தீர்மானிக்கும். 2008 செப்டெம்பரில் வன்னியிலிருந்து உதவி நிறுவனங்கள் வெளியேற்றப்பட்ட நாளை உங்கள் அப்பாவுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்கான ஐ.நா. வழிகாட்டு நெறிகளை 1998 இல் வகுக்க முன்னின்ற பிரான்சிஸ் டெங், சூடானுக்கும் தென் சூடானுக்கும் இடையே இன்றும் தகராறுக்குரிய அபியே பகுதியைச் சேர்ந்தவர். அந்த நெறிகள் சட்டமாகக் கட்டுப்படுத்துவன அல்ல. வைத்தியசாலைகளைத் தாக்குவதைக் கண்டித்து ஐ.நா. பாதுகாப்புச் சபை தீர்மானம் நிறைவேற்றியது 2016 மே 3 ஆம் திகதி. சரியாக ஒன்பது வருடங்கள் கழித்து, 2025 மே 3 ஆம் திகதி, தென் சூடானின் பழைய ஃபங்காக் என்ற ஊரின் ஒரே வைத்தியசாலை வானிலிருந்து தாக்கப்பட்டு அதன் மருந்தகம் எரிந்தது. அதை அறிந்துகொண்டே ஒப்பந்தத்தில் கையொப்பமிடுங்கள். நிறுவனத்திடம் வெளியேற்றத் திட்டத்தை எழுத்தில் கேளுங்கள், முடிவெடுப்பவர் யார், உள்ளூர்ப் பணியாளர்களுக்கும் அத்திட்டம் பொருந்துமா என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர்கள் தரும் பதிலிலிருந்து அந்த நிறுவனம் எப்படிப்பட்டது என்பது உங்களுக்கு விளங்கும். 2025 இல், அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவிப் பணத்தை வழங்கிவந்த அமெரிக்க அபிவிருத்தி நிறுவனம் (யு.எஸ்.எயிட்) மூடப்பட்டதிலிருந்து ஆபிரிக்காவில் பல கிளினிக்குகள் முன்னறிவிப்பின்றிக் கதவடைத்துள்ளன. ஆகவே உங்கள் திட்டத்துக்கு எத்தனை மாதப் பணம் கையில் இருக்கிறது என்பதையும் கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, நேரில் காணாமல் உறுதியாக விடை சொல்வது பொறுப்பற்ற செயல். முகாமில் இருந்த நினைவு பலமா, பலவீனமா என்று பிரிக்க முடியும் என எனக்குத் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரில் தனிமனிதர் மட்டுமன்றிக் குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்று நீண்ட காலமாக எடுத்துக்காட்டி வந்திருக்கிறார். உங்கள் காயத்தில் உங்களுக்கு எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு என்பது அங்கே போன பின்னரே தெரியவரலாம். வெயிலில் சூடேறிய தறப்பாளின் மணம், பவுசரின் ஹோண் ஒலி, முள்ளுக்கம்பிக்கு அப்பால் நின்று பெயர் கூப்பிடுகிறவர்கள் என எல்லாம் அங்கேயும் இருக்கும். இப்போது இவற்றை நினைத்தால் உறக்கம் கெடுகிறதா, சில தினங்கள் வேலையில் மனம் செல்லாமற் போகிறதா என்பதை நேர்மையாகக் கவனியுங்கள். அப்படியானால், போவதற்கு முன் ஓர் உளமருத்துவரைச் சில தடவை சந்தியுங்கள். பயணத்தை ஆறு மாதம் தள்ளிவைப்பதும் தவறில்லை, இந்த நிறுவனங்கள் மீண்டும் அழைக்கும். அங்கே இருக்கும்போது ஒழுங்கு முறைப்படி வரும் ஓய்வு விடுமுறையை எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். புதிதாகப் போகும் நல்லவர்கள் எல்லோரும் முதல் விடுமுறையை விட்டுக்கொடுக்கிறார்கள், மூன்றாவது மாதம் நோயாளிகள் மீது எரிந்து விழுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்த மக்களிடம் "நானும் உங்களைப் போல்தான்" என்று முதலிலேயே சொல்லிவிட மனம் உந்தும். சொல்லாதீர்கள். ஒன்பது மாதத்தில் நீங்கள் விமானமேறி வந்துவிடுவீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். உடன் வேலை செய்யும் ஒருவர், ஒரு நாள், நீ ஏன் இங்கே வந்தாய் என்று கேட்பார், அப்போது சொல்லலாம். உங்கள் அனுபவம் உதவப்போவது வேறிடத்தில். வெயிலில் நான்கு மணித்தியாலம் நின்ற ஒரு தாய் இறுதியில் கடுமையாகப் பேசும்போது, அவர் எந்த நேரம் எழுந்து வந்திருப்பார், தண்ணீருக்கு யாரை விட்டுவிட்டு வந்திருப்பார் என்பதை நீங்கள் யாரும் சொல்லாமலே அறிவீர்கள்.

பையில் அதிகம் வேண்டாம். மருந்து எதையும் காவிச் செல்லாதீர்கள், அந்நாட்டுச் சுங்கத்தில் உங்களுக்கும் நிறுவனத்துக்கும் தொல்லை. விநாடி முள் உள்ள ஒரு சாதாரணக் கைக்கடிகாரம் அவசியம். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு ஐம்பது தடவையோ அதற்கு மேலோ, ஒன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை நாற்பது தடவையோ அதற்கு மேலோ மூச்செடுத்தால் நிமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும், அதைக் கைத்தொலைபேசியைப் பார்த்து எண்ணினால் தாய் நீங்கள் விளையாடுவதாக நினைப்பார். தலையில் கட்டும் மின்விளக்கு, முழங்கால் வரை வரும் றப்பர் சப்பாத்து, நுளம்பு வலை, உங்களுக்கான மலேரியாத் தடுப்பு மாத்திரை, நான்கு பருத்திச் சட்டைகள், ஒரு கிலோ மிளகாய்த்தூள். மஞ்சட்காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அதைப் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். போட்டுப் பத்து நாட்கள் கழிந்த பின்னரே அந்த அட்டை செல்லுபடியாகும் என்பதால், பயணத் திகதி உறுதியாகும் வரை காத்திராமல் இந்த மாதமே கொழும்புக்கு ஒரு நாள் போய் வாருங்கள்.